அடுப்படி ஜன்னல்: 11 பேர் பார்த்த பதிவு

ஆடி மாதத்தில் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து என் தங்கை போன் செய்தாள். அந்த நேரத்தில் போன் அடித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். "என்னடி, குழந்தைக்கு ஜுரமா?" என்று பதறினேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நான் எழுதிப் போட்டதை 11 பேர்தான் பார்த்திருக்காங்க. லைக் போட்டது ரெண்டே பேர். ஒருத்தன் உன் பையன், இன்னொருத்தன் என் நாத்தனார் பையன்" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்து விட்டது.

இதற்கா அழுகை என்று நினைக்காதீர்கள், சகோதரிகளே. விஷயம் தெரிந்தால் நீங்களும் அவளோடு சேர்ந்து பெருமூச்சு விடுவீர்கள். என் தங்கை பி.காம். படித்தவள். பம்பு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் 6 வருஷம் கணக்கு எழுதினாள். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது, முதலாளி முதல் குமாஸ்தா வரை எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, பழைய கணக்கையெல்லாம் புது முறைக்கு மாற்றிக் கொடுத்தவள் அவள்தான். 2020-இல் இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டாள். மாமியாருக்கு முழங்கால் வலி, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. விட்டது விட்டதுதான், 5 வருஷம் ஓடி விட்டது. இப்போது அவள் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் இடத்தில் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து விட்டார்கள். வீட்டுக் கடன் தவணை மட்டும் குறையுமா? பெரியவனுக்குப் பள்ளிக்கூடக் கட்டணத்தின் இரண்டாவது தவணை வேறு வாசலில் நிற்கிறது.

அதனால் லிங்க்ட்இன்னில் வேலை தேடிப் பதிவு போட்டிருக்கிறாள். அது என்ன என்று கேட்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. உத்தியோகம் பார்க்கிறவர்களும் உத்தியோகம் தருகிறவர்களும் கூடுகிற இடம் அது. அமெரிக்காவில் 2003-இல் தொடங்கினார்கள், 2016-இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி வாங்கி விட்டது. ஃபேஸ்புக்கில் கல்யாண போட்டோ போடுவதுபோல, இதில் தன் வேலையைப் பற்றி எழுதிப் போடுவார்கள். நான் படித்தது பத்தாம் வகுப்பு. எனக்கு இதெல்லாம் என் பையன் காட்டிக் கொடுத்துத்தான் தெரியும்.

"உன் பையன் சொல்றான், இதை நாலு பேருக்குக் காட்டறதும் மறைக்கறதும் ஒரு மெஷின்தானாம். மெஷினுக்கே என்னைப் பிடிக்கல போலிருக்குக்கா" என்றாள். அந்த வாக்கியம் என்னைத் தூங்க விடவில்லை. மறுவாரமே, ஒரு டப்பா பருப்புப்பொடியும் முறுக்கும் கட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து பஸ் ஏறி விட்டேன்.

மத்தியானம் சின்னவன் தூங்கினதும் இருவரும் செல்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். "நீ எழுதினதை எனக்குத் தமிழ்ல சொல்லுடி" என்றேன். சொன்னாள். 'இன்றைய போட்டி நிறைந்த உலகில் என் வாழ்வின் புதிய பயணத்தைத் தொடங்குவதில் மிகுந்த மகிழ்ச்சி அடைகிறேன்' என்று ஆரம்பித்தது. ஆர்வம், அர்ப்பணிப்பு, கடின உழைப்பு என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஏதாவது வாய்ப்பு இருந்தால் உதவுங்கள் என்று முடிந்தது. நடுவில் ராக்கெட் படம், கை கூப்பும் படம். அடியில் ஹேஷ்டேக் என்று 22 வார்த்தைகள்.

"இதை யாருடி எழுதினது?"

அசடு வழிந்தாள். செயற்கை அறிவு எழுதித் தந்ததாம். எனக்குச் சிரிப்பு வந்து விட்டது. "இதுல நீ எங்கடி இருக்க? இதை எங்க தெருமுனை அயர்ன் கடைக்காரர் போட்டாலும் பொருந்துமே!" என்றேன்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம். நான் பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்த காலத்தில் அனுப்பியதெல்லாம் போன சுருக்கில் திரும்பி வரும். ஒரு தடவை ஓர் உதவி ஆசிரியர், என் கட்டுரையின் முதல் ஒன்றரைப் பக்கத்தைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, 'இங்கிருந்து ஆரம்பியுங்கள்' என்று அம்புக்குறி போட்டு அனுப்பினார். மாமியார் ஊறுகாய் ஜாடியை நான் உடைத்த இடத்தில் அம்புக்குறி நின்றது. அதற்கு முன்னால் நான் எழுதியதெல்லாம் ஊறுகாயின் பெருமை! அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் எந்தக் கட்டுரை எழுதினாலும் ஜாடி உடைகிற இடம் எது என்று தேடி விட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.

லிங்க்ட்இன்னில் இந்த அம்புக்குறி இன்னும் பொல்லாதது. செல்போனில் ஒரு பதிவின் முதல் இரண்டு மூன்று வரிகள்தான் தெரியும். மீதியைப் படிக்க 'மேலும்' என்ற இடத்தைத் தொட வேண்டும். ஒரு பதிவில் 3,000 எழுத்துக்கள் வரை எழுதலாம் என்றாலும், அந்த முதல் வரிகளில் விஷயம் இல்லை என்றால் யார் தொடப் போகிறார்கள்? பார்க்கிறவர் எவ்வளவு நேரம் நின்று படிக்கிறார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்வதாக அந்தக் கம்பெனியாரே 2020-இல் எழுதியிருக்கிறார்கள். என் பையன் எடுத்துக் காட்டினான். காய்கறிக் கூடையில் வாடின கீரையை மேலே வைத்து விட்டு, பிஞ்சு வெண்டைக்காயை அடியில் போட்டால் தெருவில் யார் கூடையை இறக்கச் சொல்வார்கள்?

அடுத்து ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். பதிவு போடும்போது அதை யார் பார்க்கலாம் என்று ஓர் இடத்தில் கேட்கும். 'யார் வேண்டுமானாலும்' என்றும் வைக்கலாம், 'தொடர்பில் உள்ளவர்கள் மட்டும்' என்றும் வைக்கலாம். பயந்த சுபாவத்தில் இவள் இரண்டாவதை வைத்திருக்கிறாள். தொடர்பில் மொத்தம் 23 பேர். அதில் பாதிப் பேர் மாதத்துக்கு ஒரு முறைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள். கதவைத் தாழ் போட்டு விட்டு, விருந்துக்கு யாரும் வரவில்லை என்று அழுதால்? பாவம், மெஷின் மேல் பழி!

அவள் பெயருக்குக் கீழே இருக்கும் வரியையும் பார்த்தேன். 'இல்லத்தரசி, வாய்ப்பைத் தேடுகிறேன்' என்று இருந்தது. இல்லத்தரசி என்பதில் எனக்கு ஒன்றும் குறை கிடையாது, நானும் அதுதான். ஆனால் ஆள் தேடுகிறவர்கள் அங்கே போய் என்ன வார்த்தை போட்டுத் தேடுவார்கள்? கணக்கு, ஜி.எஸ்.டி., டேலி, கோயம்புத்தூர் என்றுதானே? அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. அந்த வரிக்கு 220 எழுத்துக்கள் வரை இடம் உண்டு. 'கணக்கு மற்றும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டேலி, 6 வருஷ அனுபவம், கோயம்புத்தூர்' என்று இங்கிலீஷில் மாற்றச் சொன்னேன். 5 வருஷ இடைவெளியை மறைக்கவும் வேண்டாம். 2022-லிருந்து அந்தத் தளத்திலேயே, குழந்தை வளர்ப்புக்காக வேலையை நிறுத்தி வைத்தேன் என்று குறிக்க ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் எழுதி விட்டாள். எழுதி முடித்ததும் தங்கை சொன்னது: "அக்கா, 5 வருஷமா இதை ஏதோ குத்தம் மாதிரி மறைச்சுக்கிட்டு இருந்தேன்."

போட்டோ வைக்கும் விஷயத்தில்தான் வீட்டில் சின்னச் சலசலப்பு. தங்கை வீட்டுக்காரர் நல்ல மனுஷர், ஆனால் தயங்கினார். "நாலு பேர் பார்ப்பாங்களேக்கா" என்றார்.

"நாலு பேர் பார்க்கத்தானே தம்பி இவ்வளவு பாடும்" என்றேன்.

அவரும் சிரித்து விட்டார். ஜன்னல் ஓரமாக வெளிச்சத்தில், வெறும் சுவர் பின்னணியில், கைத்தறிப் புடவையோடு அவரே எடுத்துக் கொடுத்தார். அவர் பயத்தையும் நான் தள்ளி விடவில்லை. வீட்டு விலாசம், போன் நம்பர், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் பெயர் இந்த மூன்றும் எங்கேயும் வரக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தோம். பிற்பாடு முகம் தெரியாத ஓரிருவர் வந்து 'ஹாய் டியர்' என்று எழுதத்தான் செய்தார்கள். பதில் சொல்லாமல் தடுத்து விட ஒரு பட்டன் இருக்கிறது, தட்டி விட்டாள்.

சரி, இனி நான் செய்த முட்டாள்தனம். அதையும் சொல்லி விடுவதுதான் நியாயம். மறுநாள் அவள் புதிதாக ஒன்று எழுதினாள். வேலைக்குத் திரும்ப விரும்புகிறேன் என்று சுருக்கமாக, இந்தத் தடவை எல்லாரும் பார்க்கும்படி வைத்தாள். நான் சும்மா இருக்கக்கூடாதா? நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், 'எல்லாரும் போய் லைக் போடுங்கள், கமென்ட் எழுதுங்கள்' என்று தண்டோரா போட்டு விட்டேன். சென்னை அத்தை பெண், மதுரைச் சித்தப்பா, என் பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண் எல்லாரும் புதுசாகக் கணக்குத் தொடங்கி வந்து குவிந்தார்கள். 'சூப்பர் அக்கா', 'வாழ்த்துகள்', 'கலக்கு'. 38 கமென்ட்! பதிவு 200 தடவைக்கு மேல் கண்ணில் பட்டிருந்தது. நாங்கள் அன்றைக்குப் பால் பாயசம் வைத்தோம்.

ஒரு வாரம் ஆயிற்று. வேலை தருகிறவர் ஒருத்தர்கூட வரவில்லை. ஏன் என்று பையனைக் கேட்டேன். "அம்மா, யாராவது லைக் போட்டாலோ கமென்ட் எழுதினாலோ அவங்களோட தொடர்புல இருக்கிறவங்களுக்கு அது போய்ச் சேரும். மதுரைத் தாத்தாவோட தொடர்புல யார் இருக்காங்க? நம்ம ஆளுங்கதான். சித்தியோட பதிவு நம்ம வீட்டுக் கூடத்துக்குள்ளேயே சுத்திச் சுத்தி வந்துச்சு" என்றான். பாயசம் வைத்தது வீண். காசு கொடுத்து லைக் வாங்குவதும், பத்துப் பேர் கூட்டுச் சேர்ந்து ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதும் அந்தத் தளத்தின் விதிகளுக்கே விரோதமாம். நான் செய்தது அறியாமல் என்றாலும், கிட்டத்தட்ட அதே காரியம்தான்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அந்த எண்ணிக்கை ஒரு திரையில் பதிவு எத்தனை தடவை வந்து போயிற்று என்பதைத்தான் சொல்கிறது, எத்தனை பேர் படித்தார்கள் என்பதை இல்லை. ஒரே ஆள் இரண்டு தடவை தள்ளிக்கொண்டு போனாலும் கணக்கில் ஏறும். நான் ஊருக்குத் திரும்பும் முன் தங்கையிடம், இனி அந்த எண்ணை ராத்திரியில் பார்க்காதே என்று சொல்லி விட்டு வந்தேன்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போதுதான் முக்கியமான விஷயம் வெளியே வந்தது. மாடியில் குடியிருக்கும் ஜவுளிக்கடைக்காரர் ஒரு பையோடு இறங்கி வந்தார். "பாப்பா, இந்த மாசத்துப் பில்லு" என்று இவள் கையில் கொடுத்து விட்டுப் போனார். என்ன பில் என்று கேட்டேன். இரண்டு வருஷமாக அவர் கடையின் ஜி.எஸ்.டி. கணக்கை மாதாமாதம் இவள்தான் சரிபார்த்துக் கொடுக்கிறாளாம். தீபாவளிக்கு ஒரு புடவை கொடுப்பாராம்.

"அடிப்பாவி! இதை ஏண்டி எங்கேயும் எழுதல?"

"அது என்னக்கா வேலையா? சாயங்காலம் கீரை ஆய்ஞ்சுக்கிட்டே பார்க்கறது."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் மேலா, நம் எல்லார் மேலுமா, தெரியவில்லை. பஸ்ஸை விட்டு விட்டு இன்னும் ஒரு நாள் தங்கினேன். 'கீரை ஆய்ஞ்சுக்கிட்டே என்ன பார்ப்பே, எனக்குப் புரியற மாதிரி சொல்லு' என்று உட்கார வைத்தேன். அவள் சொன்னது இதுதான்.

கடைக்காரர் ஒரு லட்சம் ரூபாய்க்குத் துணி வாங்கினால், அதற்கு 5 சதவீதம் வரி 5,000 ரூபாயையும் மொத்த வியாபாரியிடம் சேர்த்துக் கொடுத்து விடுகிறார். பிறகு தான் விற்றதற்கு அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரியில் அந்த 5,000-ஐக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் மொத்த வியாபாரி தன் விற்பனைக் கணக்கை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் 14-ஆம் தேதி கடைக்காரருக்கு வரும் 2பி என்ற பட்டியலில் அந்தப் பில் தெரியும். தெரியாவிட்டால் கழிக்க முடியாது. 2022-லிருந்து இந்த விதி கண்டிப்பு. கடைக்காரர் 20-ஆம் தேதிக்குள் தன் ரிட்டர்னைப் போட்டாக வேண்டும். ஆக 14-க்கும் 20-க்கும் நடுவில் யாராவது ஒருத்தர் பில்லையும் பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து, விட்டுப்போனவரைப் போனில் கூப்பிட்டு நினைவுபடுத்த வேண்டும். அந்த ஒருத்தர்தான் கீரை ஆய்கிற என் தங்கை. முந்தின மாதம் 3 பில்கள் ஏறாமல், 18,400 ரூபாய் முடங்கிப் போக இருந்ததை இவள் கண்டுபிடித்திருக்கிறாள்.

"ஜாடி இங்கதாண்டி உடையுது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, சிவப்பு மைக் கதையை மறுபடி சொன்னேன்.

மாடிக்காரரிடம் போய், பேரும் கடையும் சொல்லாமல் எழுதலாமா என்று அனுமதி கேட்டோம். "தாராளமா எழுதும்மா" என்றார். அவள் முதலில் எனக்குச் சொன்னபடியே தமிழில் எழுதினாள். அப்புறம் தன் சொந்த இங்கிலீஷில், சின்னச் சின்ன வாக்கியமாக மாற்றினாள். முதல் வரி இப்படி வந்தது: 'போன மாதம் ஒரு சிறிய ஜவுளிக்கடைக்கு 18,400 ரூபாய் முடங்க இருந்தது. கடைக்காரர் எந்தத் தவறும் செய்யவில்லை.' பிறகு நடந்ததைச் சொல்லி, 14-ஆம் தேதி என்ன பார்க்க வேண்டும் என்பதை எழுதினாள். ஒரு வெள்ளைத் தாளில் கையால் பட்டியல் போட்டு, அதை போட்டோ எடுத்துச் சேர்த்தாள். ஹேஷ்டேக் மூன்றே மூன்று. கடைசியில், கோயம்புத்தூரில் கணக்கு வேலை தேடுகிறேன் என்று ஒரே வரி. ராக்கெட் பறக்கவில்லை!

முன்பெல்லாம் பிள்ளைகள் தூங்கின பிறகு, ராத்திரி பத்து மணிக்குப் போடுவாள். அந்த நேரத்தில் ஆபீஸ்காரர்கள் யார் விழித்துக்கொண்டிருக்கிறார்கள்? ராத்திரி எழுதி வைத்து, இந்த நாள் இத்தனை மணிக்குப் போகட்டும் என்று குறித்து விடும் வசதி அதிலேயே இருக்கிறது. ஸ்கூல் வேன் போன பிறகு காலை ஒன்பதரைக்குப் போகும்படி வைத்தாள். அப்போதானே யாராவது கேள்வி கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்ல முடியும்? கைக்குழந்தைக்காரிகள் இந்த வசதியை அவசியம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடைப்பட்ட நாட்களில் இன்னொரு காரியமும் செய்யச் சொன்னேன். ஊரில் உள்ள ஆடிட்டர்கள், கணக்காளர்கள், பழைய பட்டறை சிநேகிதிகள் இவர்களைத் தேடி, தான் யார் என்று இரண்டு வரி எழுதித் தொடர்பு கேட்டாள். அவர்கள் எழுதும் பதிவுகளைப் படித்து, தனக்குத் தெரிந்த இடத்தில் மட்டும் உபயோகமான கருத்து எழுதினாள். அப்படி எழுதும்போது பெயருக்குக் கீழே உள்ள அந்த வரியும் கூடவே தெரிகிறது, பாருங்கள். பெரிய ஆடிட்டரின் பதிவைப் படிக்க வருகிறவர்கள் எல்லாரும் 'ஜி.எஸ்.டி., டேலி, கோயம்புத்தூர்' என்பதையும் படித்து விட்டுப் போகிறார்கள். நல்ல கூட்டம் கூடுகிற கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற மாதிரிதான். நம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு விசாரித்தால் யாருக்குத் தெரியும்?

அந்த 18,400 ரூபாய்ப் பதிவு சில நாளில் 460 தடவை கண்ணில் பட்டது. பெரிய எண்ணிக்கை ஒன்றும் கிடையாது. கமென்ட் 6. ஆனால் அந்த ஆறும் கணக்குத் தெரிந்தவர்கள் எழுதியது. அதில் ஒன்றுதான் என் தங்கையை மறுபடி அழ வைத்தது. ஆடிட்டர் அம்மாள் ஒருவர், 'எல்லா வியாபாரிக்கும் 11-ஆம் தேதி என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குத் தருகிற சிறு வியாபாரிகளுக்கு 13-ஆம் தேதி' என்று எழுதி விட்டார்.

"மானம் போச்சுக்கா. எடுத்துடறேன்" என்று போனில் அரற்றினாள்.

"எடுக்காதே. நாம தப்புப் பண்ணினா மாமியார்கிட்ட ஒத்துக்கறோம்ல? அதே மாதிரி ஒத்துக்கோ" என்றேன். 'ஆமாம், விட்டு விட்டேன். நன்றி. திருத்தி விட்டேன்' என்று மூன்று வாக்கியம் எழுதினாள். பதிவிலும் திருத்தினாள். கூடவே, மாடிக்கடைக்கு வரும் சரக்கில் அப்படி மூன்று மாதக் கணக்குக்காரர் எத்தனை பேர் என்று போய்ப் பார்த்து, இரண்டு பேர் என்று அடுத்த பதிவில் எழுதினாள். அந்த அம்மாள் அதற்கும் வந்து லைக் போட்டார். 2023-இல் அந்தக் கம்பெனியார், ஊரெல்லாம் பரவுகிற அரட்டையை விட ஒருவருக்கு உபயோகமான அறிவையும் யோசனையையும் சொல்கிற பதிவுகளை முன்னால் காட்டுவோம் என்று சொன்னார்களாம். உண்மையில் அப்படித்தான் நடக்கிறதோ, ஏதோ, எனக்கு அந்த மெஷினின் மனசு தெரியாது. தங்கை விஷயத்தில் அந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான் முன்பின் தெரியாத கணக்காளர்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

நடுவில் ஒரு கள்ளனும் வந்தான். பெரிய கம்பெனி பேரைச் சொல்லி, வீட்டிலிருந்தே வேலை, மாதம் 45,000 சம்பளம், பதிவுக் கட்டணம் 4,500 ரூபாய் மட்டும் அனுப்புங்கள் என்று செய்தி. தவணை கட்ட வேண்டிய வாரம் அது. தங்கை பணம் அனுப்ப விரல் வைத்து விட்டாள் என்றால் நம்புவீர்களா? அவள் வீட்டுக்காரர்தான், "சம்பளம் தர்றவன் எதுக்கு நம்மகிட்ட காசு கேக்கிறான்?" என்று தடுத்தார். போட்டோவுக்குத் தயங்கிய அதே மனுஷர்! வேலைக்குப் பணம் கேட்டால் அது மோசடி, அந்தச் செய்தியைத் தளத்தில் புகார் செய்து விட்டு ஒதுங்கி விட வேண்டும். நம் பதிவு பலர் கண்ணில் படுகிறது என்றால் இவர்கள் கண்ணிலும்தான் படுகிறது.

ஐப்பசி பிறந்து ஒரு வாரத்தில், தவறைச் சுட்டிக் காட்டிய அந்த ஆடிட்டர் அம்மாளிடமிருந்தே செய்தி வந்தது. 'என் அலுவலகத்தில் 2பி ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும். நேரில் வந்து பேசுங்கள்' என்று. போனாள். நாற்பது பில்களும் ஒரு பட்டியலும் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கச் சொன்னாராம். ஐம்பது நிமிஷத்தில் முடித்திருக்கிறாள். காலை ஒன்பதரை முதல் மத்தியானம் ஒன்றரை வரை வேலை. சம்பளம் அவள் முன்பு வாங்கியதைவிடக் குறைவுதான். வீட்டுக் கடன் தவணையில் முக்கால்வாசி அதில் அடைகிறது. மாமியாருக்குப் பதினோரு மணிக்குக் கஞ்சி கொடுக்க மட்டும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அது எத்தனை நாளைக்கு ஓடுமோ, அவளுக்கும் கவலைதான்.

மாடிக்காரரிடம் நானே பேசினேன். இனிமேல் மாதம் 1,000 ரூபாய் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். புடவையும் உண்டு என்றார். பதிவுகளை அவள் நிறுத்தவில்லை, வாரத்துக்கு ஒன்று எழுதுகிறாள். போன வாரம் பார்த்தது எத்தனை பேர் என்று கேட்டேன், "பார்க்கலக்கா" என்றாள்.

பருப்புப்பொடி தீர்ந்து விட்டதாம், காலையில் அரைக்க நேரம் இல்லை, அனுப்பி வை என்கிறாள். எதற்கும் கேட்டு விட்டு அனுப்பலாம் என்று நேற்று நான்கு தடவை போன் செய்தேன், எடுக்கவே இல்லை. பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். 14-ஆம் தேதி.